சவுக்காரத்தால் படம் எடுத்த நானா

"செவ்வாய், மாலை 5.10. குட்ஷெட் பஸ் நிலையம், பஸ்ஸுக்குள். கடும் மழை. நானாவின் காற்சட்டைப் பையிலிருந்து நுரை வருகிறது. காரணம் எனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது."

இது என் நாட்குறிப்பில் உள்ள வரி. 'நுரை' என்ற சொல்லின் மேல் மை கலைந்திருக்கிறது. சம்பவம் நடந்த இடத்திலேயே எழுதினேன் என்பதற்கு அந்தக் கலைந்த மையே சான்று. நானா இன்றும் அது புதன்கிழமை என்றுதான் சாதிப்பார். புதன்கிழமை கண்டியில் மழையே இல்லை. அடுத்த பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கண்டி நகரத்தில் கமரா இல்லாமல் ஆகக் கூடுதலான படங்களை எடுத்த மனிதர் சவுக்கார நானாதான். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அவருடைய ஐந்து கொப்பிகளையும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் கிழமை, நேரம், இடம், வெளிச்சம் எப்படி, எதிரில் நின்றவர் யார், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். படம் மட்டும் இருக்காது.

அந்த நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் பதினொரு வருடம் இருந்தேன். குடியிருந்தது திகனயில், ஒரு வீட்டின் பின்பகுதியில். நானாவின் வீடு அதே ஒழுங்கையில் மூன்றாவது. காலையில் ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போவோம். சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் அவருக்கு ஒரு கடை. பொத்தான், ஸிப், நூல், லேஸ், இவ்வளவுதான் வியாபாரம். கடையின் அகலம் அவர் இரண்டு கைகளையும் விரித்தால் முடிந்துவிடும். அப்போதெல்லாம் அவருக்குப் பெயர் பொத்தான் நானா. கழுத்தில் எப்போதும் தையல்காரரின் அளவு நாடா தொங்கும். எதையும் அளக்காமல் அவர் நம்பியதில்லை. ஒருமுறை நான் கொடுத்த மாம்பழத்தையும் அளந்த பிறகுதான் வெட்டினார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வெள்ளைக்காரர். சட்டைப் பொத்தான் அறுந்து கடைக்கு வந்திருக்கிறார். நானா தைத்துக் கொடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்திருக்கிறார். வந்தவர் உள்ளங்கை அளவான ஒரு சின்னக் கமராவில் அதைப் படம் எடுத்துவிட்டார். எடுத்தது நானாவுக்குத் தெரியாது. பிறகு அவர் திரையைத் திருப்பிக் காட்டியபோதுதான் தெரிந்தது.

அன்று மாலை பஸ்ஸில் நானா என் பக்கத்தில் வந்து நின்றார். தெல்தெனிய வீதிக்குத் திரும்பியதும் என் கையைப் பிடித்தார்.

"சேர், இவ்வளவு வயசுக்கும் என்ட மூஞ்சிய நான் ஐடென்டிட்டி கார்டுலதான் கண்டிருக்கன். அதுல ஈக்கிறது ஒரு கள்ளன். கலியாணப் போட்டோல ஈக்கிறது அந்தக் கள்ளனப் புடிச்ச பொலிஸ்காரன். அந்த வெள்ளக்காரன் காட்டினதுலதான் நான் ஈக்கிறன்."

அதுதான் ஆரம்பம். சந்தில் இருக்கிற எல்லோரையும், அவர்கள் விறைத்துக்கொள்வதற்கு முன்னால், அப்படி எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். வாழ்க்கையில் அவர் உடனே எடுத்த ஒரே முடிவு அதுதான். எந்தக் கமராவால் எடுப்பது என்ற அடுத்த முடிவுக்கு ஏழு மாதம் பிடித்தது.

கைப்பேசியால் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"போனத் தூக்கினா வீடியோ போடப் போறான்டு சனம் ஓடுது சேர். ஓடாட்டி, சரியா அந்த நேரத்துல ஊட்டுலேருந்து கோல் வருது."

பெரிய கமரா கழுத்தில் தொங்கினால் கலியாண வீட்டுப் படக்காரன் என்று நினைத்து, தலை சீவிவிட்டு வருகிறேன் என்பார்கள். ஆகவே சின்னதாக வேண்டும். காற்சட்டைப் பைக்குள் போக வேண்டும். சத்தம் போடக் கூடாது. எடுத்த கணத்தில் வேலை செய்ய வேண்டும். விலை, பரீதா தாத்தாவின் சீட்டுக் காசுக்குள் அடங்க வேண்டும்.

பரீதா தாத்தா நானாவின் மனைவி. என் ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். கண்டி முஸ்லிம்களிடம் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. ஒழுங்கைக்கே அவர் அக்கா. காசு தர அவர் மறுக்கவில்லை. ஒரு கெடுதான் வைத்தார், அதுவும் என்னைச் சாட்சியாக நிறுத்திவைத்து.

"சேர், இவரப் பத்தி ஒங்களுக்குத் தெரியா. ஃபேன் ஒண்டு வாங்க மூணு வெயில் காலம் யோசிச்சாரு. நாலாவது வருஷம் வெயிலே வரல்ல. என்னப் பொண்ணு பாக்க ஏழு தரம் வந்தாரு. ஏழாவது தரம் எங்கட வாப்பா கேட்டாரு: மகன், பொண்ணு பாக்க வாறீங்களா, தேத்தண்ணி குடிக்க வாறீங்களா?"

"தேத்தண்ணியும் நல்லம்தான்," என்றார் நானா.

"தலை நோன்புக்கு முந்திக் கமரா ஊட்டுக்கு வரணும். வரல்லன்டா அந்தக் காசுக்கு வொஷிங் மெஷின். எனக்கு மணிக்கட்டு ஏலா. துணி பிழிஞ்சா ராவெல்லாம் நோவுது."

நியாயமான கோரிக்கை. அவர் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததை நானும் பார்த்தேன். ஆகவே ஒரு பக்கம் கமரா, மறுபக்கம் சலவை இயந்திரம், நடுவில் ரமழானின் முதல் நோன்பு. நானாவின் ஆட்டம் தொடங்கியது.

கைப்பேசியில் மூன்று வாரம் படித்துப் படித்து, பிறர் பாவித்து விற்கிற பழைய கமராக்களில் நாலை அவர் தெரிவு செய்தார். கம்பனிப் பெயர்கள் வாயில் நுழையாததால் தானே பெயர் வைத்தார். மெல்லியது, மலிவானது தட்டையன். சுவிட்சைப் போட்டதும் வில்லை நீண்டு வெளியே வருவது மூக்கன். வில்லை நீளாது, உருப்பெருக்காது, ஆனால் எடுத்த கையோடு படம் பிடிப்பது கறுப்பன். மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு குட்டி ஜன்னல் உள்ளது மாடிவீட்டான்.

நாலில் எது தன் கைக்கும் பைக்கும் பொருந்தும் என்று வாங்காமலேயே தெரிய வேண்டும். அதற்குத்தான் சவுக்காரம்.

வீட்டில் துணி துவைக்க வைத்திருந்த நீளக் கட்டிச் சவுக்காரத்தை எடுத்து, கமராவின் நீளம், அகலம், தடிப்பு எல்லாவற்றையும் நாடாவால் அளந்து, தையல்காரச் சோக்கால் கோடு போட்டு, சவரக் கத்தியால் செதுக்கினார். வில்லைக்குக் கோட்டுப் பொத்தான். அமத்துகிற இடத்துக்குச் சேட்டுப் பொத்தான். பாரம் சரியாக வருவதற்கு உள்ளே பித்தளைப் பொத்தான்களைப் புதைத்து, பக்கத்துக் கடையில் மிளகு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தார்.

"கடதாசி மட்டையில செய்யலாமே நானா?" என்று கேட்டேன்.

"கடதாசிக்கு எங்க சேர் பாரம்?"

"மரத்திலை?"

"நான் என்ன தச்சனா? சவுக்காரம்டா கத்தி வெண்ணெயில போற மாதிரிப் போவுது. ஊட்டுலயும் மிச்சம் ஈக்கி."

மிச்சம் இருந்தது அந்த ஒரு மாதத்துக்குத்தான்.

ஒவ்வொரு சவுக்காரக் கமராவாகப் பையில் வைத்துக்கொண்டு நானா வீதியில் இறங்கினார். மணிக்கூட்டுக் கோபுரத்தடி, சந்தை, வாவிக் கரை என்று சுற்றினார். நல்ல காட்சி கண்டால் பையிலிருந்து சவுக்காரத்தை எடுப்பார், பிடிப்பார், பொத்தானை அமத்துவார், நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு கொப்பியை எடுத்து எழுதுவார். எழுதும்போது முகத்தில் அவ்வளவு திருப்தி இருக்கும்.

நாக்குச் சத்தம்தான் வினையானது. ஒருநாள் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் 'டக்' போட்டுவிட்டார். பொலிஸ்காரர் திரும்பினார்.

"மொகத?" என்ன அது என்று சிங்களத்தில் அதட்டினார்.

"சபன், மஹத்தயா," சவுக்காரம்தான் ஐயா என்று நானா அதை நீட்டினார்.

பொலிஸ்காரர் அதை வாங்கினார். புரட்டினார். மணந்து பார்த்தார். பொத்தானை அமத்தினார். சவுக்காரம்தான் என்று உறுதியானது. திருப்பிக் கொடுத்தார். போகச் சொல்வார் என்று நான் நினைத்தேன். அவரோ தொப்பியைச் சரி செய்தார், இடுப்புப் பட்டியை இழுத்துவிட்டார், நெஞ்சை நிமிர்த்தி நேரே நின்று, "ஹரி, கன்ன," என்றார். சரி, எடு என்று அர்த்தம். நானா எடுத்தார். வேறென்ன செய்வது? வாகனங்கள் காத்துக்கொண்டு நின்றன.

அன்று முழுக்க நானாவுக்கு வருத்தம். "சவுக்காரத்துக்கே இப்படி வெறைக்கிறாங்களே சேர். நெசக் கமராவக் கண்டா மூச்சே விடமாட்டாங்க. என்ட படம் எப்படி வரும்?"

சந்தில் எல்லோருக்கும் கதை பரவியது. பொத்தான் நானா சவுக்கார நானாவானது அந்த வாரத்தில்தான். சந்து முனையில் கீரை விற்கிற பேச்சியம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவர். நானா வரும்போதெல்லாம் முந்தானையைச் சரி செய்துகொண்டு முகத்தைத் திருப்பிக் காட்டுவார்.

"எடுங்க நானா. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நேத்து எடுத்ததக் கழுவியாச்சா?"

இப்போது நுரைக்கு வருவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பையில் இருந்தது தட்டையன். பஸ் வரிசையில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்த குடை ஒருவருக்கே போதாது. நானா தொப்பலாக நனைந்தார். ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறியபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. சனம் நெருக்க நெருக்க, நானாவின் தொடை பக்கத்து ஆளின் தொடையோடு உரச உரச, பைக்குள் தட்டையன் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. முதலில் சிறு வெள்ளைக் கோடு. பிறகு பால் பொங்குகிற மாதிரி.

முதலில் கண்டது பின்னால் நின்ற பேச்சியம்மா. "ஐயையோ, நானாவுக்கு என்னமோ பொங்குது!"

நடத்துனரும் தோட்டத்து ஆள்தான். சனத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "நானா, பாக்கெட்டுல என்னா வச்சிருக்கீங்க?"

"ஒண்டுமில்ல தம்பி. கமரா நனைஞ்சிட்டு."

"கேமரா நொரைக்குமா?"

"வெல கொறஞ்ச கமரா."

யாரோ ஒருவர், பற்றரி வெடிப்பதற்கு முந்தி இப்படித்தான் நுரைக்கும் என்றார். அவ்வளவுதான். பஸ்ஸின் முன் பாதி பின் பாதிக்குள் போய்விட்டது. அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இரண்டு ஆசனம் காலியானது. நானா ஒன்றில் உட்கார்ந்து மற்றதை எனக்குத் தட்டிக் காட்டினார். பதினொரு வருடத்தில் மாலை நேரப் பஸ்ஸில் நான் உட்கார்ந்து போனது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் கொப்பியில் பார்த்தேன்: "தட்டையன். மழை தாங்காது. நீக்கம்."

"நானா, மழை தாங்காதது சவுக்காரம். கமரா இல்லை."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சேர், அழுக்குத் தண்ணிக்கெண்டே பொறந்த சவுக்காரமே தாங்கல்ல. கமரா எப்படித் தாங்கும்?"

அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளுக்குப் பதில் எழுதியவன் நான். இதன் கீழே 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மூக்கனின் கதை வேறு. சுவிட்சைப் போட்டு வில்லை நீண்டு வர நேரமெடுக்கும் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே மூக்கச் சவுக்காரத்தை எடுத்ததும் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணிவிட்டுத்தான் 'டக்' போடுவார். அதற்குள் ஆட்கள் கடந்துவிடுவார்கள். கொப்பியில் அந்த வாரம் முழுக்கத் தோல்வி: "மீன்காரர், தவறியது. பாண்காரரின் ஓட்டோ, தவறியது. பாதிரியார், குடை மட்டும் வந்தது." சவுக்காரத்தில் குடை மட்டும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மூக்கனும் நீக்கம்.

மாடிவீட்டானை ஒரே ஒரு நாள்தான் வெளியில் கொண்டுபோனார். மாலையே அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சீட்டுக் காசு அதற்கு எட்டாது.

"நல்லா இல்லையோ நானா?"

"மிச்சம் நல்லம் சேர். அதுதான் வெச்சிட்டன். வாங்க ஏலாத சாமான் கைக்குப் பழகக்கூடாது."

மிஞ்சியது கறுப்பன். கறுப்பனை நாலரை மாதம் சோதித்தார். குறையே கிடைக்கவில்லை. குறை இல்லாதது அவருக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. எங்கோ ஒளிந்திருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தார். நோன்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, அவர் வீட்டிலிருந்து வந்த அலறலைக் கேட்டு ஓடினேன். கிணற்றடியில் பரீதா தாத்தா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கையில் கறுப்பன். பாதி கரைந்திருந்தது. பித்தளைப் பொத்தான்கள் வெளியே தலை நீட்டின.

"என்ட கமராவக் கழுவிட்டா சேர்!"

"கமராவக் கழுவல்ல. கமராவால கழுவினன். ஊட்டுல வேற சவுக்காரம் எங்க? எல்லாத்தையும் நீங்கதானே செதுக்கிட்டீங்க?" என்று சொல்லி, தாத்தா அதை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினார். "ஆனா ஒண்டு. கைக்கு நல்லாத்தான் ஈக்கி. வழுக்கல்ல. இதையே வாங்குங்க."

நானா உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்து எழுதினார்: "கைப்பிடி நன்று. ஈரக் கையிலும் வழுக்காது. சான்று: பரீதா."

கண்டி முழுவதும் தேடியதில் நிசமான கறுப்பன் ஒன்றே ஒன்று இருந்தது. பாவித்த கமரா விற்கிற முருகேசு அண்ணனின் மாடிக் கடையில். வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். அன்று மாலை பிறை பார்க்கிற நாள். நானா கறுப்பனைக் கையில் வாங்கினார். அளந்தார். பையில் போட்டார், எடுத்தார், போட்டார். அரை மணித்தியாலம்.

"நாளைக்குச் சொல்றன்."

முருகேசு அண்ணன் தலையில் கை வைத்தார். "நானா, நீங்க எப்ப வந்தாலும் இதத்தான் சொல்றீங்க. இப்ப இளசுங்க எல்லாம் பழைய சின்னக் கேமராவத்தான் தேடுதுங்க. நாளைக்கு ஒருத்தரு பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவரு கேட்டா குடுத்துருவேன். சொல்லிட்டேன்."

மாலையில் ஒழுங்கையில் எல்லோரும் மேற்கே பார்த்து நின்றார்கள். தாத்தா பிறையைத் தேடினார். நானா மேகத்தைத் தேடினார். பிறை தெரிந்தால் நாளைக்கே நோன்பு, கெடு முடிந்தது, கமரா இல்லை. தெரியாவிட்டால் இன்னும் ஒரு பகல். ஒரு சாம்பல் மேகம் மலைக்கு மேலே வந்து குந்தியதும் நானா என் விலாவில் இடித்தார். கொஞ்சம் கழித்து வானொலியில் அறிவித்தார்கள். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நானா, தேவைக்கு மேல் சத்தமாக.

தாத்தா அவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த மேகமும் ஒங்கட மாதிரித்தான். போகவும் மாட்டுது, பெய்யவும் மாட்டுது. சரி. ஒரு நாள். நாளைக்குப் பொழுது பட, மஃரிபோட சரி."

மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து நானாவும் மதிய இடைவேளையில் நானும் மாடிப்படி ஏறினோம். மேலே போனதும் நானாவின் நடை நின்றுவிட்டது. கண்ணாடி அணிந்த ஒரு மனிதர் கறுப்பனைக் கையில் வைத்திருந்தார். விலை பேசி முடிந்த முகம்.

நானா ஒரு கதிரையில் உட்கார்ந்தார். கை தன்பாட்டுக்குப் பைக்குள் போனது. பதற்றம் வந்தால் அப்படித்தான். பாதி கரைந்த சவுக்காரக் கறுப்பனை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அதைக் கவனித்தார். தன் கையில் இருந்ததைப் பார்த்தார். மறுபடி நானாவின் மடியைப் பார்த்தார். அதே அகலம். அதே இடத்தில் வில்லை. அதே இடத்தில் பொத்தான்.

"ஐயாவிட்டயும் இதே மொடலா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் நானா.

"எவ்வளவு காலமாப் பாவிக்கிறீங்க?"

"நாலரை மாசம்."

"என்ன நடந்தது?"

நானா பெருமூச்சு விட்டார். "தேஞ்சிட்டு."

கண்ணாடிக்காரர் கறுப்பனை மெல்லக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். படியில் அவருடைய காலடி வேகமாக இறங்குவது கேட்டது.

நானா பொய் சொன்னதாக முருகேசு அண்ணன் இன்றும் சொல்கிறார். நான் அந்த உரையாடலை அன்றே எழுதிவைத்தேன், பலமுறை வாசித்தும் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"இப்பவாவது எடுக்கிறீங்களா?" என்றார் முருகேசு அண்ணன், அழுகிற குரலில்.

நானா நாடாவை எடுத்தார். நான் அந்த நாடாவைப் பிடுங்கி என் பையில் போட்டேன். "காசைக் குடுங்கோ நானா. தாத்தாவின்ரை சொல் போதும். அளந்தது காணும்."

கொடுத்தார். பிறகு ஜன்னலால் வீதியைப் பார்த்து முதல் படத்தை எடுத்தார். கமரா ஒரு சத்தமும் போடவில்லை.

"இது வேலை செய்யல்ல."

"எடுத்திருச்சு நானா. இது சத்தம் போடாது. நீங்கதானே அப்படிக் கேட்டீங்க?"

நம்பிக்கையில்லாமல் மறுபடி அமத்தி, கூடவே நாக்கால் 'டக்' போட்டார். இப்போதுதான் முகம் தெளிந்தது. முருகேசு அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், பட்டன் போதும், நாக்கு தேவையில்லை என்று. பயனில்லை. இன்றைக்கும் அந்தக் கமராவின் சத்தம் நானாவின் வாயிலிருந்துதான் வருகிறது.

சந்துக்குத் திரும்பி வரும்போது அவர் பயந்தது விறைப்புக்கு. நிசக் கமராவைக் கண்டால் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திவிடுவார்களே. பையிலிருந்து எடுத்தார். பேச்சியம்மா ஒரு தரம் பார்த்தார். "இன்னிக்குப் புதுச் சோப்பு போல. கறுப்பா இருக்கு," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒரு வாடிக்கையாளரோடு சண்டையைத் தொடர்ந்தார். நானா எடுத்தார். மீன்காரர் கொட்டாவி விட்டார். நானா எடுத்தார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அதே பொலிஸ்காரர் நானாவைக் கண்டார், தலையை ஆட்டினார், சாவியால் காது குடைவதைத் தொடர்ந்தார். நானா எடுத்தார்.

ஒருவரும் விறைக்கவில்லை. மாதக்கணக்கில் அந்தச் சவுக்காரத்துக்கு விறைத்து விறைத்து எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. கண்டியில் எவ்வளவோ பேர் எவ்வளவோ விலையில் கமரா வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு எதிரே நீட்டினாலும் எவரும் பொருட்படுத்தாத ஒரே கமரா நானாவுடையதுதான். அவர் செலவழித்த காலமெல்லாம் வீண் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இங்கே திருத்தத்தைப் பதிவு செய்கிறேன்.

நோன்புப் பெருநாளைக்குப் பிறகு படங்களைச் சிறிதாக அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். பொலிஸ்காரர் தன் படத்தை நாற்புறமும் பார்த்துவிட்டுத் தொப்பிக்குள் ஒளித்துவைத்தார். பேச்சியம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை இரண்டு கையாலும் பிடித்தார். படத்தில் அவர் ஒரு கீரைக் கட்டை வாள் மாதிரி உயர்த்தி, வாயெல்லாம் பல்லாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் இம்புட்டு அழகாவா இருக்கேன்?" என்றார் கடைசியில். "ஒருத்தரும் சொல்லவே இல்லையே, பாவிங்க."

தாத்தாவின் மணிக்கட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமை கமரா மஃரிபுக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டது. தாத்தா சொன்ன சொல் தவறவில்லை, காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துணி வாளியைத் தூக்கி நானாவின் முன் வைத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் துணி துவைப்பது நானா. நோன்பு முப்பது நாளும் அவர் துவைத்தார், தாத்தா கதிரையில் இருந்துகொண்டு, காலர் பக்கம் இன்னும் தேயுங்க என்று சொன்னார்.

"கமரா மலிவுதான் சேர்," என்றார் நானா, ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டு. "பாவிக்கிற செலவுதான் கூட."

போன வருடம் எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை நானாவின் கடைக்குப் போய் விடை சொல்லிக்கொண்டேன். காலையில் வழியனுப்ப வரமாட்டேன், கடை திறக்க வேண்டும் என்றார். சரி என்றேன். ஒரு பொத்தான் அட்டையைக் கையில் தந்தார். என் சட்டைக்கு அளவு சரியாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், அன்டைக்குக் காலையில நான் வந்தன். பஸ்ஸுக்கு அங்கால, தூணுக்குப் பின்னால நிண்டன். ஒங்கள ஒரு படம் எடுத்தன்."

"சொல்லியிருக்கலாமே நானா?"

"சொன்னா வெறைச்சிருவீங்க."

"எப்படி வந்திருக்கு?"

"அழுறீங்க சேர்."

நான் உடனே மறுத்தேன். அன்றைய பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். "காலை 6.15. பஸ் புறப்பட்டது. தூசி. கண் கரித்தது" என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே உள்ள வரியில் "இரவு முழுக்க மழை" என்றும் நானே எழுதியிருப்பதை மறைப்பதற்கில்லை.

படத்தைக் கைப்பேசியில் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அடுத்த விடுமுறைக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் போகவில்லை. ஆகவே அன்று காலை நான் அழுதேன் என்பது, இதை எழுதும் நேரம் வரைக்கும், உறுதிப்படுத்தப்படாத தகவல்.